முடக்குவாதத்துக்கு மஞ்சள்: எவ்வளவு நம்பலாம்?

ஜொகூரின் தெப்ராவ் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், மூட்டு வீங்கினால் முதலில் தேடியது மஞ்சளைத்தான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் உப்போடு குழைத்துச் சூடு காட்டிப் பற்றுப் போடுவார்கள். படுக்கப் போகுமுன் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பால் கொடுப்பார்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களின் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் வேறு வைத்தியம் எளிதில் எட்டவில்லை. இன்று அந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் தாமான்களாகிவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் என்பது ஒரு காலத்தில் தோட்டத்தின் பெயர். இப்போது அங்கே சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது. மஞ்சளும் அம்மியைவிட்டு மருந்தகத்து அலமாரிக்குப் போய்விட்டது. 'குர்குமின்' என்று பெயர் போட்ட கேப்சூல் போத்தல்கள் ஜொகூர் பாரு மருந்தகங்களிலும் இணைய அங்காடிகளிலும் வரிசையாக நிற்கின்றன.

இந்தக் கேப்சூல் முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்துமா? மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைக்குப் பதிலாக இதை எடுக்கலாமா? நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்விகள் இவை. அப்படி எழுவதற்குக் காரணமும் உண்டு. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். முடக்குவாத சிகிச்சைப் பிரிவுகளிலோ அவர்களின் பங்கு அதைவிட மிக அதிகம் என்று இந்நாட்டு மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்து வந்திருக்கிறார்கள். மலேசிய மருத்துவ ஆய்வுக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் 2005 முதல் 2009 வரை சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு, மரபணுக் கூறுகளோடு புகைபிடித்தல், கல்தூசி, நெசவாலைத் தூசி ஆகியவற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை இந்நாட்டு மக்களிடமே காட்டியது. ஆகவே இது நம் வீட்டு நோய். மஞ்சளோ நம் வீட்டு மருந்து. இரண்டுக்கும் முடிச்சுப் போட மனம் விரும்புவது இயல்பு. அந்த விருப்பத்தைச் சான்றுகள் எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'மூட்டுவலி' என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது குறைந்தது இரண்டு வேறு நோய்களை. வயதாக ஆக முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து வருவது மூட்டுத் தேய்மானம். முடக்குவாதம் அப்படியல்ல. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தன் மூட்டுகளைத் தாக்குவது அது. மூட்டின் உள்சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துக்கொண்டே போகும். முப்பது, நாற்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாத விரல்கள் என்று இரு பக்கமும் ஒருசேர வீங்கும். காலையில் எழுந்ததும் கைகள் மரத்துப்போனதுபோல் ஒரு மணி நேரத்துக்கு மடங்க மறுக்கும். கண், நுரையீரல், இதய இரத்தக் குழாய்கள் வரைக்கும்கூட அழற்சி போகலாம். மஞ்சளைப் பற்றி வெளியான நல்ல செய்திகளில் பெரும்பகுதி மூட்டுத் தேய்மானத்தைப் பற்றியவை. விளம்பரங்களோ அதை எடுத்து முடக்குவாதத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. பிழை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

மஞ்சளின் நிறத்துக்கும் மருத்துவப் புகழுக்கும் காரணமான குர்குமினை 1815இல் ஃபோகல், பெல்த்தியே என்ற இரு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு 1910இல் தெளிவானது. அழற்சிக்கு எதிரான அதன் ஆற்றலை முறையாகச் சோதித்தது இந்திய அறிவியல்தான்: லக்னோவின் மத்திய மருந்து ஆய்வுக் கழகத்தில் ஸ்ரீமல், தவன் இருவரும் விலங்குகளில் நடத்திய சோதனைகள் 1973இல் வெளிவந்தன. 1980இல் தேவ்தர், சேத்தி, ஸ்ரீமல் மூவரும் முடக்குவாத நோயாளிகள் 18 பேருக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் குர்குமின் கொடுத்து, அன்றைக்குப் புழக்கத்திலிருந்த ஃபீனைல்பியூட்டசோன் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். காலை நேர விறைப்பு குறைந்தது, நடை சற்று எளிதானது, வீக்கமும் தணிந்தது. இரண்டு வார ஆய்வு அது. 'முதற்கட்ட ஆய்வு' என்றுதான் அவர்களே தலைப்பிட்டிருந்தார்கள். அந்தப் பணிவை நான் மதிக்கிறேன். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும், அந்த முதற்கட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை என்பதுதான் வருத்தம்.

ஆய்வகக் கண்ணாடிக் குழாயில் குர்குமின் செய்யும் வேலை உண்மையிலேயே வியப்பூட்டுவது. அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களுக்கு உயிரணுவின் உள்ளே கட்டளையிடும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் என்எஃப்-கப்பா-பி. குர்குமின் அதைத் தடுக்கிறது. அதன் விளைவாக டிஎன்எஃப், இன்டர்லியூக்கின்-6 போன்ற அழற்சித் தூதுப் பொருள்கள் குறைகின்றன. இன்றைக்கு முடக்குவாதத்துக்குத் தரப்படும் விலை உயர்ந்த உயிரியல் ஊசிகள் குறிவைப்பதும் இதே டிஎன்எஃப்பையும் இன்டர்லியூக்கின்-6ஐயும்தான். எலிகளில் மூட்டழற்சியை உண்டாக்கி மஞ்சள் சாரத்தால் அதைத் தணித்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜேனட் ஃபங்க் குழு 2006இல் வெளியிட்டவை அவற்றுள் கவனமாகச் செய்யப்பட்டவை.

சிக்கல் வாயில் போட்டபின் வருகிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடலில் உறிஞ்சப்படுவதே சொற்பம். உறிஞ்சப்பட்டதையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனுக்குடன் வேறு பொருளாக மாற்றிக் கழித்துவிடுகின்றன. உடலின் வெப்பத்தில், நடுநிலையான கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்தில் 90 விழுக்காடு சிதைந்துபோகிறது. இரண்டு கிராம் குர்குமின் விழுங்கிய மனிதரின் இரத்தத்தில் அதைக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்தது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் எழுதினார்கள். அதே ஆய்வில் அவர்கள் 20 மில்லிகிராம் பைப்பரினைக் கூடச் சேர்த்தார்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள் அது. இரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு உயர்ந்தது.

 மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்ட நம் பாட்டிமார்களின் பழக்கத்துக்கு இந்த 20 மடங்கு என்ற எண்ணைச் சான்றாகக் காட்டுவோர் பலர். எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஏறத்தாழ ஒன்றுமில்லாததன் 20 மடங்கும் சிறிதுதான். அதுவும் சிறிது நேரமே நின்றது. இரண்டாவது இன்னும் முக்கியமானது. குர்குமினைக் கழிக்கவிடாமல் கல்லீரலைத் தடுக்கும் பைப்பரின், மற்ற மருந்துகளையும் அப்படியே தடுக்கக்கூடியது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின் போன்றவற்றின் இரத்த அளவை அது உயர்த்துவது ஏற்கெனவே தெரிந்த செய்தி. நாலைந்து மாத்திரைகள் எடுக்கும் ஒரு நோயாளிக்கு இது சின்ன விஷயமல்ல.

அளவையும் பார்க்க வேண்டும். சாதாரண மஞ்சள் பொடியில் குர்குமின் சராசரியாக 3 விழுக்காடு. மேகாலயாவின் லக்கடோங் மஞ்சளில் 7 விழுக்காடும் அதற்கு மேலும் போகும். ஆய்வுகளில் கொடுக்கப்படும் அளவு பெரும்பாலும் நாளைக்கு 1000 மில்லிகிராம். அதைப் பொடியாகச் சாப்பிட வேண்டுமென்றால் 33 கிராம் வேண்டும். எந்தக் குழம்பும் தாங்காத அளவு. உணவு நிறமியாகக் குர்குமினை ஒருவர் அன்றாடம் உட்கொள்ளலாம் என்று உலக நிபுணர் குழு வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். சமையல் மஞ்சள் இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கும். கேப்சூல் அதைப் பல மடங்கு தாண்டும். ஆயிரமாண்டு காலமாக நாம் மஞ்சள் சாப்பிட்டு வருகிறோமே என்ற வாதம் குழம்புக்குப் பொருந்தும், கேப்சூலுக்குப் பொருந்தாது.

இனி நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள். அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2012இல் வெளிவந்த சந்திரன், கோயல் ஆய்வு. கேரளத்தின் மூவாற்றுப்புழையில் முடக்குவாத நோயாளிகள் 45 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குர்குமின், இன்னொன்றுக்கு டைக்குளோஃபெனாக், மூன்றாவதுக்கு இரண்டும் கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்துக் குர்குமின் குழுவே அதிக முன்னேற்றம் காட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குழுவுக்குப் 15 பேர். போலி மாத்திரை பெற்ற குழு இல்லை.  எல்லாவற்றுக்கும் மேலாக, டைக்குளோஃபெனாக் வலியைத் தணிக்கும் மருந்து. முடக்குவாதத்தின் போக்கை அது மாற்றுவதில்லை. அதை வென்றது என்பதால், நோயின் போக்கையே மாற்றும் மெத்தோட்ரெக்சேட் மருந்தின் இடத்துக்கு மஞ்சள் வந்துவிடாது.

2017இல் இன்னொரு இந்திய ஆய்வு போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நல்ல பலன் கண்டது. பங்கேற்றவர்கள் 36 பேர், காலம் 90 நாள். எழுதியவர்களுள் அந்தத் தயாரிப்பின் நிறுவனத்தைச் சார்ந்தவர்களும் இருந்தார்கள். 2019இல் ஈரானில் நுண்துகள் வடிவக் குர்குமினை 65 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தபோது, போலி மாத்திரைக் குழுவுக்கும் இதற்கும் கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிற்காலத்துத் தொகுப்பாய்வுகள் இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து, வீக்கமும் அழற்சிக் குறியீடுகளும் ஓரளவு குறைகின்றன என்கின்றன; ஆனால் சேர்த்த ஆய்வுகள் சிறியவை, தரம் குறைந்தவை என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. எலும்பு அரிப்பு நிற்கிறதா என்று ஓராண்டு, ஈராண்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு எதையும் இந்தப் பட்டியலில் காணோம். முடக்குவாதத்தில் மிக முக்கியமான கேள்வியே அதுதான்.

மூட்டுத் தேய்மானத்தில் நிலைமை சற்று மேல். தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, மஞ்சள் சாரம் ஐபுப்ரோஃபென் அளவுக்கு முழங்கால் வலியைக் குறைத்தது என்று கண்டது. வயிற்றுக் கோளாறு மஞ்சளில் குறைவு. 2020இல் ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில், முழங்காலில் நீர் கோத்திருந்த 70 பேருக்கு 12 வாரம் மஞ்சள் சாரமோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். மஞ்சள் குழுவில் வலி குறைந்தது. ஆனால் எம்ஆர்ஐ படத்தில் சவ்வு அழற்சியும் நீரும் குறையவில்லை. இந்த முடிவை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். வலி போய் அழற்சி மட்டும் நீடித்தால், தேய்மான நோயாளிக்கு அது ஆறுதல். முடக்குவாத நோயாளிக்கோ அது ஆபத்து. வலி இல்லை என்று அவர் நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கலாம்.

அறிவியல் உலகத்துக்குள்ளேயே குர்குமின் மேல் கடுமையான விமர்சனம் எழுந்திருக்கிறது. 2017இல் கேத்ரின் நெல்சன் முதலான வேதியியலாளர்கள் ஒரு நீண்ட மதிப்பாய்வை வெளியிட்டார்கள். குர்குமின் எந்தப் புரதத்தோடு கலந்தாலும் ஏதோ வேலை செய்வதுபோல் சோதனைக் கருவிகளை ஏமாற்றும் தன்மை கொண்டது என்பது அவர்கள் வாதம். 120க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும், போலி மாத்திரையோடு கண்டிப்பாக ஒப்பிட்டு வெற்றி பெற்றது ஒன்றுமில்லை என்றும் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்று மறுத்தவர்களும் உண்டு. இதே காலத்தில், என்எஃப்-கப்பா-பி ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற டெக்சஸ் ஆய்வாளர் பரத் அகர்வாலின் கட்டுரைகள் பல, படங்களில் கண்ட முறைகேடுகளுக்காக இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. மஞ்சளின் புகழை உலகெங்கும் கொண்டுபோன எழுத்துகள் அவருடையவை.

பாதுகாப்பு விஷயத்தில் அண்மைக் காலச் செய்திகள் கவலை தருகின்றன. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு, மஞ்சள் தயாரிப்புகளால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரை ஆராய்ந்து 2022இல் எழுதியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஹெச்எல்ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. சில தயாரிப்புகளில் மிளகுச் சாரமும் கலந்திருந்தது. இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசுகள் இதுபோன்ற எச்சரிக்கைகளை வெளியிட்டன. கேப்சூல் எடுக்கும் லட்சக்கணக்கானோரில் இது அரிதாகவே நேர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் முடக்குவாத நோயாளிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அவர் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத் தொடக்கூடியதுதான். அதற்காகவே அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். மருத்துவரிடம் சொல்லாமல் கேப்சூலும் சேர்த்து எடுத்து, கல்லீரல் நொதிகள் உயர்ந்தால், மருத்துவரின் சந்தேகம் மெத்தோட்ரெக்சேட்டின் மேல் விழும். வேலை செய்துகொண்டிருந்த மருந்து நிறுத்தப்படும். கோளாறு செய்த கேப்சூல் தொடரும்.

கலப்படமும் உண்டு. வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேட்டைப் பூசியது 2019இல் அம்பலமானது. அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்து, சந்தையில் 47 விழுக்காடாக இருந்த கலப்படத்தை 2021இல் சுழியமாக்கியது. மலேசியாவில் வேறு வகை ஆபத்து: 'மூட்டுவலிக்கு மூலிகை' என்று விற்கப்படும் சில ஜாமுக்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதை நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டு நாளில் வலி மாயமாக மறைந்தால் மூலிகையைப் பாராட்டாதீர்கள்; சந்தேகப்படுங்கள். அந்த ஸ்டீராய்டால் முகம் உப்பி, இரத்தச் சர்க்கரை ஏறி, எலும்பு மெலியும்; திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். போத்தலில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பாரம்பரியத் தயாரிப்புகளுக்கு அது 'டி' என்ற எழுத்தில் முடியும். அந்த எண், பொருளின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்ததற்கான அடையாளம். முடக்குவாதத்தைக் குணப்படுத்தும் என்று அரசு தந்த சான்றிதழ் அல்ல.

மெத்தோட்ரெக்சேட்டை 'வெள்ளைக்காரன் மருந்து' என்று ஒதுக்கிப் பேசுவதை நம் வட்டாரங்களில் கேட்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன யெல்லாப்பிரகட சுப்பாராவ், 1940களில் லெடர்லே ஆய்வகத்தில் தலைமை தாங்கிய குழுவில் உருவானது அந்த மருந்து. முதலில் புற்றுநோய்க்கு, பின்னர் மிகக் குறைந்த அளவில், வாரம் ஒரு முறை, முடக்குவாதத்துக்கு. 1988இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு அனுமதி தந்தது. இன்று உலகெங்கும் சிகிச்சை இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் மூன்று மாதத்தில் முன்னேற்றம், ஆறு மாதத்தில் நோய் அடங்கிய நிலை என்று இலக்கு வைக்கின்றன. முதல் சில மாதங்களில் இழந்த எலும்பு திரும்பி வருவதில்லை. மஞ்சளைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. அந்த முதல் மாதங்களை மஞ்சளை மட்டும் நம்பிக் கடத்துபவர்களை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செடிப்பொருள் மூட்டழற்சிக்கு மருந்தாக முடியாது என்றும் யாரும் எண்ண வேண்டாம். கவுட் எனும் மூட்டழற்சிக்கு இன்றும் தரப்படும் கொல்ச்சிசின், தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர், கரூர் பகுதிகளில் பயிராகும் கண்வலிக் கிழங்குச் செடியிலும் இருக்கிறது. நாம் செங்காந்தள் என்று போற்றும் அதே செடி. கிழங்கைத் தின்றால் சாவு. விதையிலிருந்து பிரித்தெடுத்து அரை மில்லிகிராம் மாத்திரையாக அளந்தால் மருந்து. சீனத்தின் இடித்தெய்வக் கொடியின் சாரம், 121 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சல்ஃபாசலசினையே விஞ்சியது. கருவுறும் திறனைக் கெடுக்கும் என்பதால் அதன் பயன் எல்லைக்குள் நிற்கிறது. இவை இரண்டும் நிரூபணத்தின் வழியே வந்தவை. அவற்றின் நச்சும் அதே வழியில்தான் அளக்கப்பட்டது. மஞ்சளுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

காயத்தை ஆற்றும் மஞ்சளுக்கு அமெரிக்கா 1995இல் காப்புரிமை கொடுத்தபோது இந்திய அறிவியல், தொழில் ஆய்வு மன்றம் வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. உரிமைக்காக அத்தனை உறுதியோடு நின்ற நாம் ஆதாரத்துக்காகவும் நிற்கலாம். மலேசியாவில் அதற்கான சூழல் இருக்கிறது. பாரம்பரிய, இணை மருத்துவச் சட்டம் 2016இல் வந்தது. அதில் இந்திய மருத்துவமும் அடங்கும். தெப்ராவில் இருக்கும் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்ட முதல் அரசு மருத்துவமனைகளில் ஒன்று. மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தாமல், அதற்கு மேலாகக் குர்குமினையோ போலி மாத்திரையையோ கொடுத்து, சில நூறு நோயாளிகளை ஓராண்டு கவனித்து, எலும்பு அரிப்பையும் கல்லீரலையும் ஹெச்எல்ஏ-பி 35:01 மரபணு வகையையும் சேர்த்து அளக்கும் ஓர் ஆய்வு இங்கே நடக்க வேண்டும். கேப்சூல் விற்பவரின் பணத்தில் அல்ல, பொதுப் பணத்தில். அதிகம் பாதிக்கப்படும் சமூகத்திடம் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

அதுவரை என் முடிவு இது. குழம்பில், ரசத்தில், பாலில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். தேய்மானத்தால் முழங்கால் வலிக்கும் ஒருவர், கல்லீரல் கோளாறோ பித்தப்பைக் கல்லோ இல்லாமல், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்காமலும் இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மஞ்சள் சாரத்தைச் சில வாரம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. முடக்குவாதத்துக்கு அது மாற்று மருந்தல்ல. துணை மருந்து என்று சொல்லவும் போதிய சான்று இன்று இல்லை. அமெரிக்க மூட்டு மருத்துவக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முடக்குவாதத்துக்கு உடற்பயிற்சியை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. சத்துக் கேப்சூல்களைப் பரிந்துரைக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது காலையில் விரல்கள் வீங்கி, ஒரு மணி நேரம் மடங்காமல், ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்து மூட்டு நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே மஞ்சள் கேப்சூல் எடுப்பவராக இருந்தால் அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரின் மேசைமேல் வையுங்கள்.